எஸ்.வி.ஏ. 5 பத்தி பேசும்போது இந்தத் தப்புங்கள பண்ணாதீங்க

முதல் உலகப்போர் விமானங்கள்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது இத்தாலியோட அன்சால்டோ எஸ்.வி.ஏ. 5. இதப் பத்தி எழுதுறவங்க திரும்பத் திரும்ப ஒரே தப்பத்தான் பண்றாங்க, படிக்கும்போதெல்லாம் மனசு கேக்க மாட்டேங்குது.

எல்லாத்தையும் விட பெரிய தப்பு, இத தோத்துப்போன சண்டை விமானம்னு ஒரே வரியில முடிச்சிடறது. சண்டை விமானமாத்தான் டிசைன் பண்ணாங்க, 1917 மார்ச்ல முதல் தடவ பறந்துச்சு, ஆனா வானத்துல சுத்திச் சுத்தி சண்ட போட இது தோதுப்படாது, ஃபிரான்சோட ஸ்பாட் சண்டை விமானம்தான் சரின்னு இத ஒதுக்கிட்டாங்க, அதுவரைக்கும் உண்மைதான். ஆனா 220 குதிரைத்திறன் எஸ்.பி.ஏ. எஞ்சின், மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல வேகம், நாலஞ்சு மணி நேரம் தாராளமா பறக்கற அளவுக்கு பெட்ரோல், இதெல்லாம் உளவு வேலைக்குன்னே அளவெடுத்து தச்ச மாதிரி இருந்துச்சு. எதிரி ஊருக்குள்ள போய் போட்டோ எடுத்துட்டு, துரத்துறவன் எட்டிப் பிடிக்கறதுக்குள்ள வந்துடும். மொத்தம் 1,200க்கு மேல செஞ்சிருக்காங்க, தோத்த விமானத்த யாராவது அத்தன செய்வாங்களா?

மாடல் செய்யறவங்க கவனிங்க. மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவுல இருக்கற கம்பத்த நேரா நிறுத்தி வச்சிடாதீங்க, முன்னாடி நின்னு பார்த்தா அது சாய்ஞ்சு சாய்ஞ்சு இங்கிலீஷ் டபிள்யூ மாதிரி தெரியணும். நான் முதல்ல செஞ்சப்போ நேரா ஒட்டி, குறுக்க நூலும் கட்டி, அப்புறம் பழைய போட்டோவ பார்த்துட்டு மொத்தத்தையும் பிரிச்சேன். நேரா நிக்கற கம்பம் இதே கம்பெனியோட பலில்லாவுக்கு, அது வேற விமானம்.

பேர்ல வர்ற எஸ், சவோயாங்கற இத்தாலி ராஜ குடும்பம் இல்ல, உம்பர்த்தோ சவோயாங்கற இன்ஜினியர். வி இன்னொரு இன்ஜினியர் ரொதோல்ஃபோ வெர்துசியோ, ஏ அன்சால்டோ கம்பெனி.

அடுத்தது, எதிரி நாடான ஆஸ்திரியா-ஹங்கேரியோட தலைநகர் வியன்னா மேல இந்த விமானங்க பறந்த கதை. 1918 ஆகஸ்ட் 9, இத்தாலியில பதுவா ஊர் பக்கத்துல இருந்து 11 விமானம் கிளம்பி 7 தான் வியன்னா மேல போய்ச் சேந்துச்சு. குண்டு போட்டாங்கன்னு எழுதாதீங்க, போட்டது முழுக்க நோட்டீஸ். கவிஞர் தனுன்சியோ ஓட்டிட்டுப் போனாருன்னும் எழுதாதீங்க, ஓட்டினது நத்தாலே பல்லிங்கற பைலட். இந்தப் பயணத்துக்காகவே ஒத்த சீட்டு விமானம் ஒண்ண ரெண்டு பேர் உக்கார்ற மாதிரி மாத்தினாங்க, தனுன்சியோ உக்காந்திருந்த சீட்டே ஒரு பெட்ரோல் டேங்க், அது மேல உக்காந்துதான் கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர் போய்ட்டு வந்திருக்காரு!

ஃபெர்ராரின்ங்கற பேர்ல ரெண்டு பைலட் இருந்தாங்க, அவங்களையும் குழப்பிக்காதீங்க. வியன்னாவுக்குக் கிளம்பி பாதியில திரும்பினவர் ஃப்ரான்செஸ்கோ. 1920ல ரோம்ல இருந்து டெல்லி, கல்கத்தா வழியா டோக்கியோ வரைக்கும் போனவர் ஆர்த்தூரோ, அவர் ஓட்டினது ரெண்டு சீட்டு எஸ்.வி.ஏ. 9.

தனுன்சியோ போன அந்த விமானம் இன்னும் பத்திரமா இருக்கு, கார்டா ஏரிக்கரையில அவர் வாழ்ந்த வித்தோரியாலே வீட்டு அரங்கத்துல கூரையில இருந்து தொங்குது. போனா கீழ நின்னு அண்ணாந்து அந்த டபிள்யூ கம்பத்த பாருங்க.