இரத்தம் எடுக்கப் பழகுகிறீர்களா? முதலில் விரலைப் பழக்குங்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இரத்தம் எடுக்கும் பயிற்சி வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு இதை எழுதுகிறேன். வாசித்துவிட்டு வீட்டில் யாருக்கும் குத்திப் பார்க்க வேண்டாம். ஊசி பிடிக்கும்போது பயிற்றுநர் பக்கத்தில் நிற்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியையும் முன்பே போட்டுவிடுங்கள்.

எங்கள் வகுப்பில், குத்திப் பழக வைத்திருந்த இறப்பர் கையைக் கண்டதும் எல்லாரும் குத்தத்தான் அவசரப்பட்டோம். ஆனால் கைதேர்ந்த ஒரு மிஸ் (தாதி) இரத்தம் எடுப்பதைக் கவனியுங்கள். நாளத்தைத் தேடத்தான் நேரம் எடுப்பார், குத்துவது ஒரு கணம். (நாம் பேச்சில் 'நரம்பு' என்பது இந்த நாளத்தைத்தான். உண்மையான நரம்பு வேறு, அதில் ஊசி படக்கூடாது.)

முதலில் ஆளைச் சரிபாருங்கள். "நீங்கள்தானே இன்னார்?" என்று கேட்டால் பாதிப் பேர் தலையாட்டிவிடுவார்கள். பெயரையும் பிறந்த திகதியையும் அவர்கள் வாயாலேயே சொல்லவிட்டுப் படிவத்தோடு ஒப்பிடுங்கள். படுவான்கரையிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வெறும் வயிற்றோடு வருபவர்கள் இருப்பார்கள். முன்பு மயங்கியதுண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் படுக்கவைத்தே எடுங்கள்.

இனி விரல் வேலை. முழங்கை மடிப்புக்கு நான்கு விரல் மேலே, நாளம் புடைக்க இறுக்கும் பட்டியைக் கட்டி, கையை நீட்டவையுங்கள். சுட்டுவிரல் நுனியால் மடிப்பை அமர்த்தி விடுங்கள். நாளம் பஞ்சணை போல அமுங்கி மேலே எழும்பும். தசைநாண் கயிறு போல விறைப்பாக இருக்கும். துடிப்பது நாடி, அதை விட்டு விலகுங்கள். மடிப்பின் நடுவில் ஓடும் நாளம்தான் முதல் தெரிவு. சுண்டுவிரல் பக்கத்து நாளத்துக்கு அருகில் நாடியும் நரம்பும் ஓடுவதால் அது கடைசித் தெரிவு. இதை வீட்டில் தாராளமாகப் பழகலாம், விரலால் மட்டும். கண்ணை மூடிக்கொண்டு அம்மம்மாவின் கையைத் தடவிப் பாருங்கள். வயல் வேலை செய்த ஐயாமாரின் கையில் நாளம் புடைத்துத் தெரியும், ஆனால் ஊசி பட்டதும் உருண்டு விலகும். குத்தும் இடத்துக்குக் கீழே பெருவிரலால் தோலை இழுத்துப் பிடித்தால்தான் அது நிற்கும்.

பட்டி ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது. நாளம் அகப்படவில்லையா? அவிழ்த்து, இரண்டு நிமிடம் பொறுத்து மறுபடி கட்டுங்கள். கையைப் பொத்திப் பொத்தி விரிக்கச் சொல்லாதீர்கள், பொட்டாசியம் பொய்யாகக் கூடிக் காட்டும்.

கையுறை போட்டு, 70 வீத அல்கஹோலால் துடைத்து 30 நொடி காயவிடுங்கள். ஈரத்தோடு குத்தினால் எரியும். துடைத்த இடத்தை மறுபடி தொடவும் கூடாது. ஊசியின் சரிவான வாய் மேலே பார்க்க, 30 பாகை அல்லது அதற்கும் குறைந்த சாய்வில், தயங்காமல் உள்ளே விடுங்கள்.

இரத்தம் பிடிக்கும் டியூப்களின் வரிசை: நீல மூடி, சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, சாம்பல். வரிசை மாறி, ஊதாவில் உள்ள மருந்து ஒரு துளி மற்ற டியூப்பில் கலந்தாலும் முடிவு மாறிவிடும். ஊதா டியூப்பை 8 முதல் 10 தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்க வேண்டாம். மாரியில் டெங்கு வரும் காலத்தில் இது பெரிய விஷயம். இரத்தம் உள்ளே உறைந்தால் பிளேட்லெட் குறைவென்று வரும், வீடே கலங்கிப்போகும்.

அப்புறம், நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். பயிற்சியில் ஒரு அம்மாவுக்குப் பட்டியை அவிழ்க்காமலே ஊசியை வெளியே எடுத்துவிட்டேன். பார்த்துக்கொண்டிருக்கவே அந்த இடம் நாவற்பழம் போல நீலமாக வீங்கியது. "பரவாயில்ல மனே, நீ பழகத்தானே வேணும்" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. முதலில் பட்டி, பிறகு டியூப், கடைசியாக ஊசி. பஞ்சை அமர்த்திப் பிடிக்கும்போது கை நீட்டியபடியே இருக்கட்டும், மடக்க வேண்டாம்.

ஊசிக்கு மறுபடி மூடி போடாமல் நேரே கூர்ப்பொருள் பெட்டிக்குள் போடுங்கள். உங்கள் கையில் குத்திவிட்டால் பிதுக்காமல், சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே பொறுப்பானவரிடம் சொல்லுங்கள். லேபலை அந்த ஆள் எழும்பிப் போகுமுன், அவர் பக்கத்திலேயே ஒட்டுங்கள்.

இரண்டு முறை குத்தியும் வரவில்லையென்றால் மூன்றாவது முறை நீங்கள் குத்த வேண்டாம். மன்னிப்புக் கேட்டுவிட்டு மிஸ்ஸைக் கூப்பிடுங்கள். அவருடைய விரல் எங்கே போய் நிற்கிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.