மூளைப் பகுதிகளின் நிகழ்தகவு வரைபடங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ ஆய்வில் ஒரு செயல்பாட்டு உச்சம் (செயல்பாடு மிகுந்து தெரியும் புள்ளி) கிடைத்ததும், அது மூளையின் எந்தப் பகுதியில் விழுகிறது என்று பார்க்க, மூளைப் பகுதிகளின் நிகழ்தகவு வரைபடங்களைக் கொண்ட அட்லஸைத் திறக்கிறோம். "ப்ராட்மன் 44, 30 சதவீதம்" என்று திரையில் வருகிறது (44 என்பது மூளைப் பகுதிகளுக்கு ப்ராட்மன் கொடுத்த எண்களில் ஒன்று). அந்த 30 எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதில் தெளிவில்லாமல் போவதே இந்த வரைபடங்களைக் கையாளும்போது நேரும் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

அந்த எண் ஒரு தலைக்கணக்கு. ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் உருவான செல்லமைப்பு வரைபடங்களை எடுத்துக்கொள்வோம். இறந்தவர்களின் மூளைகளை மெல்லிய சீவல்களாக வெட்டி, நரம்புச் செல்களின் அடுக்கமைப்பை நுண்ணோக்கியில் பார்த்து எல்லை வகுத்து, பிறகு அவற்றை ஒரே பொது வெளியில் (எல்லா மூளைகளையும் ஒரே அளவுக்கும் வடிவுக்கும் கொண்டுவரும் ஆயத்தளத்தில்) பொருத்தினார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பொதுவாக 10 மூளைகள். ஒரு வோக்சலில் (முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கூறில்) 30 சதவீதம் என்றால், அவ்வாறு பொருத்திய பின் 10 மூளைகளில் 3 மூளைகளின் 44ஆம் பகுதி அந்த இடத்தில் இருந்தது என்பது மட்டுமே பொருள். அங்கே செயல்பாடு தோன்ற 30 சதவீத வாய்ப்பு உண்டு என்றோ, அந்த வோக்சலின் திசுவில் 30 சதவீதம் 44ஆம் பகுதியைச் சேர்ந்தது என்றோ அதைப் படிப்பது தவறு. 10க்கு 3 என்ற விகிதத்துக்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளியை, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய எல்லையைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 7 முதல் 65 சதவீதம் வரை விரிகிறது. ஒரு பகுதிக்கு 30, அடுத்த பகுதிக்கு 40 என்று வந்தால், இரண்டுக்கும் இடையே உள்ளது ஒரே ஒரு மூளை. அதை வைத்து "உச்சம் இரண்டாவது பகுதியில்தான் உள்ளது" என்று உறுதிபட எழுதுவது அந்தத் தரவு தாங்காத பாரம்.

இதனோடு பிறந்த இன்னொரு தவறு, வெவ்வேறு அட்லஸ்களின் சதவீதங்களை ஒரே பொருளுடையவையாகக் கருதுவது. ஹார்வர்ட்-ஆக்ஸ்ஃபோர்டு அட்லஸ் 37 பேரின் எம்ஆர்ஐ படங்களிலிருந்து, கண்ணுக்குத் தெரியும் மடிப்புகளையும் பள்ளங்களையும் கொண்டு வகுக்கப்பட்டது. யூலிஷ் வரைபடங்களின் எல்லையோ செல்களால் தீர்மானிக்கப்படுகிறது. 44ஆம் பகுதியின் எல்லைகள் பள்ளங்களோடு ஒத்துப்போவதில்லை என்பதும் அந்த ஆய்வுகளிலிருந்தே தெரிந்தது. எனவே கீழ் முன்மடல் மடிப்பின் ஒரு கூறும் 44ஆம் பகுதியும் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்கள் அல்ல. ஒன்றின் வரைபடத்தைப் பயன்படுத்திவிட்டு மற்றதன் பெயரால் முடிவை எழுதுவது வாசகரைத் திசைதிருப்பும்.

மிகுதியாகத் தீங்கு செய்வது வரம்பு மதிப்பைத் தேர்ந்தெடுக்கும் இடம் என்பது என் கருத்து. படிப்படியாக மங்கும் ஒரு வரைபடத்தை 50 சதவீதத்தில் வெட்டி, உள்ளே, வெளியே என்ற இரண்டே நிலைகளாக மாற்றும்போது எல்லாப் பகுதிகளும் ஒரே அளவில் இழப்பதில்லை. முதன்மைப் பார்வைப் புறணி (மூளையின் மேலடுக்கில் பார்வைக்குரிய பகுதி) மூளையின் பின்புறத்திலுள்ள கால்கரைன் பள்ளத்தை ஒட்டியே அமைவதால் ஆளுக்கு ஆள் அதிகம் விலகுவதில்லை. வெட்டிய பின்னும் அதன் பெரும்பங்கு எஞ்சும். மடிப்புகளோடு தளர்ந்த தொடர்பே உள்ள உயர்நிலைப் பகுதிகள் அதே வெட்டில் சுருங்கிப்போகும்; சிறிய பகுதி சில நேரம் அடியோடு காணாமல் போகும். அதன் பிறகு இரண்டு பகுதிகளிலும் எத்தனை வோக்சல்கள் தூண்டப்பட்டன என்று ஒப்பிட்டால், நாம் அளப்பது மூளையின் செயல்பாட்டை மட்டுமல்ல, ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டையும் சேர்த்துத்தான். வரம்பைத் தாழ்த்தினால் இடர் எதிர்ப்பக்கம் திரும்புகிறது: வரைபடங்களின் மெலிந்த ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஒரே வோக்சல் பல பகுதிகளுக்கும் கணக்கில் வருகிறது.

அதிகபட்ச நிகழ்தகவு வரைபடம் இந்தப் படிவை நீக்குகிறது. ஒவ்வொரு வோக்சலையும் அங்கே மிகுந்த மதிப்புள்ள பகுதிக்கே ஒதுக்குகிறது. ஆனால் மிகுந்த மதிப்பு என்பது பெரிய மதிப்பு அல்ல. ஓரிடத்தில் ஒரு பகுதிக்கு 30, இன்னொன்றுக்கு 20, மூன்றாவதற்கு 10, மீதி 40 இன்னும் வரையப்படாத திசு என்றிருந்தால், அந்த வோக்சல் 30 பெற்ற பகுதியின் பெயரைத் தயக்கமின்றித் தாங்கி நிற்கும். வண்ணப் படத்தில் அந்தத் தயக்கத்தின் சுவடே இருக்காது. இயன்ற இடத்தில் வரைபடத்தை வெட்டாமல், நிகழ்தகவையே எடையாகக் கொண்டு பகுதியின் சராசரியை எடுப்பது மேல். அப்போது எடைகளின் கூட்டுத்தொகையால் வகுக்க மறக்கக் கூடாது, மறந்தால் பெரிய பகுதிகள் வீணே உயர்ந்து தெரியும். வெட்டியே ஆக வேண்டுமென்றால், முடிவைப் பார்க்கும் முன்பே வரம்பை எழுதி வைத்துக்கொண்டு, அருகிலுள்ள வேறு இரண்டு வரம்புகளிலும் முடிவு நிலைக்கிறதா என்று காட்ட வேண்டும். முடிவைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற வரம்பைத் தேடுவது அறிவியல் நேர்மைக்கே ஊறு.

பொது வெளியைப் பற்றிய கவனக்குறைவும் பரவலானது. 1988இல் வெளிவந்த தலைராக் அட்லஸ் ஒரே ஒரு பெண்ணின் மூளையை அடிப்படையாகக் கொண்டது; மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தின் (எம்என்ஐ) வார்ப்புருக்கள், அதாவது மற்றப் படங்களைப் பொருத்த உதவும் மாதிரி மூளைப் படங்கள், அதைவிடப் பெரியவை; இரண்டின் ஆயங்களும் சில இடங்களில் 1 சென்டிமீட்டர் வரை விலகக்கூடும். "எம்என்ஐ" என்ற பெயரிலேயே ஒருவரின் மூளையைப் பலமுறை படமெடுத்து உருவான வார்ப்புருவும், 152 பேரின் சராசரியும், அந்தச் சராசரியின் வெவ்வேறு பதிப்புகளும் உண்டு. தரவு எதில் பொருத்தப்பட்டது, அட்லஸ் எதில் வரையப்பட்டது என்று பார்க்காமல் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால், சில மில்லிமீட்டர் பிசகு சிறிய பகுதி ஒன்றை முழுதாகவே தவறவிடச் செய்யும்.

கணினிப் பக்கத்துப் பிழைகள் எளியவை என்றாலும் அமைதியாக நடப்பவை. சில அட்லஸ்கள் 0 முதல் 1 வரையும், வேறு சில 0 முதல் 100 வரையும் மதிப்புகளைச் சேமிக்கின்றன; இரண்டாம் வகையில் 0.5 என்று வரம்பு வைத்தால் பகுதியின் மிக மெலிந்த ஓரமும் உள்ளே வந்துவிடும், நிரலோ எந்த எச்சரிக்கையும் தராது. பெயர்க்குறி எண்கள் கொண்ட படத்தை வேறு அளவு வோக்சல்களுக்கு மாற்றும்போது மிக அருகிலுள்ள மதிப்பை எடுக்கும் முறையையே கையாள வேண்டும். இல்லையெனில் 4, 6 என்ற குறிகளுக்கு நடுவே தொடர்பில்லாத 5 முளைக்கும். படம் இடம் வலம் மாறியிருக்கிறதா என்று ஒரு முறையாவது கண்ணால் சரிபார்ப்பது அவசியம்.

அட்லஸுக்கு அடிப்படையான மூளைகள் யாருடையவை என்ற கேள்வியை நாம் அரிதாகவே கேட்கிறோம். நலமான வளர்ந்தவர்களின் படங்களிலிருந்து கணக்கிட்ட வரைபடத்தை, மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகளான வென்ட்ரிக்கிள்கள் விரிந்த முதியவரின் மூளையிலோ, வளர்ந்துகொண்டிருக்கும் குழந்தையின் மூளையிலோ வைக்கும்போது, பொருத்துதலின் பிழையும் தலைக்கணக்கின் பொருத்தமின்மையும் ஒன்று சேர்கின்றன. பக்கவாதத்தால் திசு இழந்தவரின் மூளையில், காயப்பகுதியைக் கணக்கில் சேராதபடி மறைத்துப் பொருத்தாவிட்டால், வார்ப்புருவோடு ஒத்துப்போக முயலும் நிரல் காயத்தைச் சுற்றியுள்ள நல்ல திசுவையும் இழுத்துச் சிதைக்கும். கட்டி பக்கத்துத் திசுவைத் தள்ளியிருக்கும் நோயாளியிடம் நிலைமை இன்னும் கடினம்: பேச்சுக்குரிய பகுதி எங்கோ நகர்ந்திருக்கலாம், அதன் வேலையை வேறிடம் ஏற்றிருக்கவும் கூடும். குழு வரைபடம் எங்கே தேடத் தொடங்கலாம் என்று சொல்லும். எங்கே கத்தி வைக்கலாம் என்பதைச் சொல்ல, அந்த நோயாளியையே விழித்த நிலையில் பேசவைத்து, புறணியை மின்முனையால் தொட்டுப் பார்க்கும் சோதனை வேண்டும்.