வில்லா சவோய் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் பாரிஸ் போகும் நம்மவர்கள் பக்கத்துப் புவாசி ஊரில் உள்ள வில்லா சவோய் என்ற புகழ்பெற்ற நவீனக் கட்டடக்கலை வீட்டுக்கு அரை நாள் ஒதுக்கினால், முதலில் கிழமையைப் பாருங்கள். திங்கள்கிழமை அது திறந்திருக்காது. லூவர் அருங்காட்சியகத்துக்கு விடுமுறையான செவ்வாய்க்கிழமையில் இதை வைத்துக்கொள்வது நல்லது.

ரயிலிலும் கவனம் வேண்டும். வடாலாவில் ஹார்பர் லைன் பிரிவது போல, பாரிஸ் புறநகர் ரயிலான ஆர்.இ.ஆர். ஏ தடமும் மேற்கே மூன்று கிளையாகப் பிரிகிறது. பலகையில் புவாசி பெயரைப் பார்த்த பிறகே ஏறுங்கள். ஸ்டேஷனிலிருந்து மேட்டில் நடக்க அரை மணி நேரம் பிடிக்கும்.

பெரிய தவறு உள்ளே நடக்கிறது. தூண்கள் மேல் வீடு, கீழே கார். மும்பையில் ஸ்டில்ட் பார்க்கிங் இல்லாத புதுக் கட்டடம் ஏது என்று அலட்சியமாகத் தோன்றும். ஆனால் கட்டடக் கலைஞர்கள் லே கொர்புசியேயும் பியர் ழான்னரேயும் இதைக் கட்டியது 1928-31ல். பாரத்தைத் தூண்கள் தாங்குவதால் சுவருக்கு அந்த வேலை இல்லை. அதனால்தான் ஜன்னல் ஒரே பட்டையாக ஓடுகிறது. மாடிச் சுவர்கள் கீழ்ச் சுவர்களுக்கு நேராக நிற்க வேண்டியதும் இல்லை. மேலே போகும்போது இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேட்டிலிருந்து வரும்போது தெரிவது வீட்டின் பின்பக்கம். அங்கேயே படம் எடுத்துவிட்டு நிற்காமல், கார் போன வளைவிலேயே சுற்றி வாருங்கள். வாசல் மறுபக்கம் இருக்கிறது. உள்ளே சுழல்படி கண்ணில் பட்டதும் பலர் அதில் ஏறிவிடுகிறார்கள். ஏற வேண்டியது நடுவிலுள்ள சாய்தளத்தில். படி ஏறுகிறவர் காலடியைப் பார்ப்பார். சாய்தளத்தில் கண் நிமிர்ந்தே இருக்கும். இருட்டான கீழ்த்தளம், திறந்த முற்றம், அங்கிருந்து வெயில் மாடி என வெளிச்சம் கூடிக்கொண்டே போவதை அப்போதுதான் உணர முடியும். உச்சியில் சுவரில் வெட்டிய செவ்வகத் திறப்பு உங்களுக்கு நேரே நிற்கும்.

வெள்ளைச் சுவரை 1931ன் பூச்சு என்று நம்பிவிடாதீர்கள். மொட்டை மாடி தொடக்கத்திலிருந்தே ஒழுகியது. வீட்டுக்காரரான சவோய் அம்மையார் லே கொர்புசியேவுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். வீடு இரண்டாம் உலகப் போரில் சிதைந்து, இடிக்கப்படும் நிலைக்கும் வந்து, 1965ல் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. இன்று பார்ப்பது புதுப்பித்த மேற்பரப்பு.

இறங்கும்போது முதல் மாடிக் குளியலறையில் நில்லுங்கள்: உடல் வளைவுக்கேற்ற ஓடு பதித்த சாய்விருக்கை, மேலிருந்து விழும் வெளிச்சம். சுழல்படி அதற்குப் பிறகு.