தேங்காய்க்குத் தொப்பி: பிறந்த பாப்பாவுக்குக் கைச்சாய நூலில் பின்னுவது எப்படி

அக்கா மகள் மெல்போர்னில் இருக்கிறாள். ஜூலையில் பிரசவம். அங்கே ஜூலை என்றால் நடுக்குளிர்காலம். "சித்தி, கடையில விக்கிறதெல்லாம் வேணாம், நீங்களே ஒரு தொப்பியும் கையுறையும் பின்னிக் கொடுங்க" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) குரல் அனுப்பினாள். மூன்று வருடமாகப் பின்னுகிறவள் நான். கையகலத் தொப்பியில் என்ன பெரிய வித்தை இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

அம்மா மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, "கொடிமலைக்குப் போனாகூட ஸ்வெட்டர் போடாத ஊரு இது. இதுல கம்பளி பின்றா பாரு" என்றார். கொடிமலை எங்கள் பினாங்கின் குளிர்ந்த மலை. பினாங்கு வெயிலில் மடிமேல் கம்பளி கிடந்தால் தொடை வேர்க்கும். அது உண்மைதான். முதல் தொப்பி வீணாய்ப் போனதற்கு வெயில் காரணமில்லை, என் அவசரம்தான். என்ன நடந்தது, இரண்டாவது எப்படிச் சரியாக வந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னல்களும் உங்களுக்குக் கைவரும் என்று வைத்துக்கொள்கிறேன். வராவிட்டால் ஒரு சனிக்கிழமையை யூடியூபுக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

என்னென்ன வேண்டும்

டிகே தடிமனில் (மெல்லியதுக்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்டது) சூப்பர்வாஷ் மெரினோ நூல், 50 கிராம். மெரினோ ஒரு வகைச் செம்மறி ஆட்டுக் கம்பளி, சூப்பர்வாஷ் என்றால் சுருங்காதபடி பதப்படுத்தியது. தொப்பி, ஒரு ஜோடிக் கையுறை, மாதிரித் துண்டு எல்லாம் போக இன்னும் மிஞ்சும். சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன்: தொப்பி 23 கிராம், கையுறை இரண்டும் சேர்த்து 11. இதற்குப் போய் 100 கிராம் சிட்டம் (முறுக்கிய நூல்கட்டு) வாங்காதீர்கள். கைச்சாய நூல் விற்கும் விலைக்கு வீட்டில் கணக்குச் சொல்ல முடியாது.

4 மி.மீ. வட்ட ஊசி ஒன்று, ரிப்புக்கு (விளிம்பில் வரும் இழுபடும் பின்னல்) 3.25 மி.மீ. ஒன்று. இரண்டும் 80 செ.மீ. கம்பி உள்ளவை. 40 செ.மீ. ஊசியில் பாப்பா தொப்பி உட்காராது, கண்ணிகள் (ஊசியில் இருக்கும் நூல் வளையங்கள்) சுற்றி வர எட்டாது. நாலைந்து குட்டை ஊசிகளில் பின்னும் முறையும் உண்டு. எனக்கு அது முள்ளம்பன்றியை மடியில் வைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். மேஜிக் லூப்தான் என் கட்சி. நீளக் கம்பியை நடுவில் வெளியே இழுத்து, பாதிக் கண்ணிகள் முன்னால், பாதி பின்னால் என்று வைத்துப் பின்னுவது. ஒரே ஊசியில் தொப்பியும் முடியும், கையுறையும் முடியும்.

மூங்கில் ஊசி வாங்குங்கள். வேர்த்த கையில் உலோக ஊசி வழுக்கும். சூப்பர்வாஷ் நூலும் வழுக்கும் ரகம். இரண்டு வழுக்கல் சேர்ந்தால் கண்ணி நழுவி நழுவி உயிரை வாங்கும்.

நிறத்துக்கு வருவோம். நான் வாங்கியது மயில்கழுத்து நிறம். ஒரே நூலில் பச்சையும் நீலமும் மாறி மாறி வரும், இடையில் கத்திரிப்பூ நிறத்தில் சின்னச் சின்னத் திட்டு. சிட்டமாகப் பார்க்கும்போது பட்டுச்சேலை மாதிரி மின்னியது. பின்னினால் அந்த அழகு அப்படியே வரும் என்று எண்ண வேண்டாம். சாயம் நூலில் ஓர் ஒழுங்கான இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த இடைவெளி உங்கள் சுற்றின் நீளத்தோடு பொருந்திப்போனால் ஒரே நிறம் ஒரே பக்கத்தில் குளம்போலத் தேங்கும். எனக்குத் தொப்பியில் இடது காதுக்கு மேல் நீலக்குளம் விழுந்தது. அதே நூல் கையுறையில் வரி வரியாக ஓடியது. குளம் பிடிக்காதவர்கள் ஒரே நிறத்தின் அடர்த்தி மட்டும் ஏறி இறங்குகிற நூலாக வாங்குங்கள். முதல் தடவைக்கு அதுதான் பாதுகாப்பு.

(நாமே சாயம் தோய்க்கலாமே என்று சங்குப்பூவை வேகவைத்துப் பார்த்தேன். நாசி கெராபு என்ற நீலச் சோற்றுக்கு வருகிற அந்த நீலம் நூலில் வரவில்லை. வினிகர் பட்டதும் ஊதாவாக மாறியது, சன்னலோரம் சில நாள் இருந்ததும் வெளிறிப்போனது. பூ சோற்றுக்கே இருக்கட்டும்.)

சிட்டத்தை நூற்கண்டாக்குவது

கைச்சாய நூல் பெரும்பாலும் முறுக்கிய சிட்டமாகத்தான் வரும். அதிலிருந்து நேராக இழுத்துப் பின்னத் தொடங்கிவிடாதீர்கள். முறுக்கைப் பிரித்து, பெரிய வளையமாக்கி, இரண்டு நாற்காலிகளின் முதுகில் மாட்டுங்கள். கட்டுக் கயிறுகளை மாட்டிய பிறகுதான் வெட்ட வேண்டும். பிறகு நின்றபடியே தளர்வாகச் சுற்றுங்கள். இழுத்துச் சுற்றினால் நூல் தன் மெத்தென்ற தன்மையை இழக்கும். என் வீட்டுக்காரரின் இரண்டு கைகளில்தான் முதலில் மாட்டினேன். பாதியில் தொலைபேசி வந்தது, கையை எடுத்துவிட்டார். மீதிக்கதையைச் சொன்னால் சண்டை வரும். நாற்காலிக்குப் போன் வராது.

நான் தவறிய இடம்: மாதிரித் துண்டைத் துவைப்பது

நூல் சுற்றியிருந்த தாளில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று போட்டிருந்தது. என் கையும் 22தான் தந்தது. பிறந்த குழந்தையின் தலைச்சுற்று ஏறக்குறைய 35 செ.மீ. தொப்பி தலையைவிட இரண்டு மூன்று செ.மீ. குறைவாக இருந்தால்தான் நழுவாமல் பிடிக்கும். கணக்குப் போட்டு 72 கண்ணி ஏற்றினேன், 33 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக வந்தது. மூன்று மாலையில் முடித்துவிட்டேன்.

அளவு பார்க்கக் குழந்தை வேண்டுமே? ஆயர் ஈத்தாம் சந்தையில் தேங்காய்ப்பால் பிழிந்து தருகிற கடையில் போய், அளவு நாடாவால் ஒவ்வொரு மட்டை உரித்த தேங்காயாகச் சுற்றி அளந்தேன். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். நாலாவது தேங்காய் சரியாக 35. தொப்பியை மாட்டினேன், கச்சிதம். படம் எடுத்துப் புலனத்தில் அனுப்பினேன்.

அதற்குப் பிறகு துவைத்தேன். நனைந்த தொப்பியைச் சிலுவாரோடு (காற்சட்டை) சேர்த்துப் பத்தாவது மாடிக் கொடியில் மாட்டினேன். சாயங்காலம் எடுத்து மறுபடி தேங்காயில் போட்டால், தேங்காயைக் காணவில்லை. சுற்றளவு 38. உயரம் நாலு விரல் கூடிவிட்டது. அம்மா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தேநீர் கெண்டிக்குப் போட்டா சூடு நிக்கும்" என்றார். இப்போது கெண்டிக்குத்தான் இருக்கிறது.

காரணம் இதுதான். ஆட்டுரோமத்தின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சாதாரணக் கம்பளியில் அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அதனால்தான் சூடான தண்ணீரில் போட்டு அலசினால் கம்பளி சுருங்கிக் கெட்டியாகிறது. சூப்பர்வாஷ் செய்யும்போது அந்தச் செதில்களைக் குறைத்து, மேலே ஒரு பூச்சும் கொடுத்துவிடுகிறார்கள். சுருங்காது, சரி. ஆனால் பிடிமானமும் போய்விடுகிறது. தண்ணீர் குடித்த நூல் தன் கனத்திலேயே இறங்கும், தொங்கவிட்டால் இன்னும் இறங்கும்.

ஆகவே இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்: 4 மி.மீ. ஊசியில் 30 கண்ணி ஏற்றி, கையகலத்துக்கு ஒரு சதுரம் பின்னுங்கள். முதலில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவையுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள். துண்டில் சுருட்டி மேலே ஏறி மிதியுங்கள், அப்படியே இழுக்காமல் தட்டையாகப் போட்டுக் காயவையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் முழுதாகக் காய ஒரு நாள் பிடிக்கும். மின்விசிறிக்கு நேராக வையுங்கள். காய்ந்த பிறகு நடுவில் 10 செ.மீ. அளந்து மறுபடி எண்ணுங்கள். எனக்கு 22 இருந்தது 20 ஆகிவிட்டது. இந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். எனக்கு வேண்டியது 32 செ.மீ., அதாவது 64 கண்ணி. 72க்கும் 64க்கும் நடுவில்தான் அந்தக் கெண்டி உட்கார்ந்திருந்தது.

உங்களுக்கு வேறு எண் வந்தால், 8ஆல் வகுபடும் பக்கத்து எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊறவைக்கும்போது தண்ணீரில் சாயம் இறங்குகிறதா என்றும் பாருங்கள். கையுறை எப்படியும் பாப்பாவின் வாய்க்குள் போகும். தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். வினிகரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலர் சொல்வார்கள். சூடில்லாமல் வினிகர் மட்டும் அதைச் செய்யாது. எத்தனை அலசியும் நிறம் வந்துகொண்டே இருந்தால் அந்த நூலில் உங்களுக்கு ஒரு சால்வை பின்னிக்கொள்ளுங்கள், குழந்தைக்கு வேண்டாம்.

தொப்பி

64 கண்ணியை லாங் டெயில் முறையில், அதாவது நீள வால்நூல் விட்டு, ஏற்றுங்கள். வால்நூல் 120 செ.மீ. விட்டால் போதும். விளிம்பு இறுகினால் குழந்தையின் நெற்றியில் கோடு விழும், அதனால் ஏற்றுவதை மட்டும் 4 மி.மீ. ஊசியில் செய்துவிட்டு, முதல் சுற்றில் 3.25க்கு மாறுகிறேன்.

வட்டமாக இணைக்கும் முன் கண்ணிகளின் அடிவிளிம்பு முழுதும் உள்பக்கமாகப் பார்க்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் புரண்டிருந்தாலும் தொப்பி முறுக்காகிவிடும், பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

2 நிட், 2 பர்ல் என்று 3 செ.மீ. ரிப். பிறகு 4 மி.மீ. ஊசிக்கு மாறி, ஏற்றிய விளிம்பிலிருந்து 10 செ.மீ. வரும்வரை வெறும் நிட். தொடர் நாடகம் பார்த்துக்கொண்டே பின்னலாம்.

உச்சிக்குக் குறைப்பது இப்படி: முதல் குறைப்புச் சுற்றில் 6 நிட், அடுத்த இரண்டைச் சேர்த்து ஒரு நிட். இதையே சுற்று முடியும்வரை செய்தால் 56 கண்ணி மிஞ்சும். அடுத்த சுற்று குறைக்காமல் வெறும் நிட். பிறகு 5 நிட், இரண்டைச் சேர்த்து, 48. இப்படி ஒவ்வொரு குறைப்புக்கும் ஒரு நிட் குறையும், இடையில் ஒரு வெறும் சுற்று வரும். 32க்கு வந்த பிறகு வெறும் சுற்று வேண்டாம், வரிசையாகக் குறைத்து 24, 16, 8. நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, தையல் ஊசியால் அந்த 8 கண்ணிக்குள்ளும் இரண்டு தடவை ஓட்டி இழுத்து, உள்பக்கம் கொண்டுபோய் முடியுங்கள்.

கையுறை

கட்டைவிரல் இல்லாத குட்டிப் பைதான். 24 கண்ணி, 3.25 மி.மீ.இல் 2 நிட் 2 பர்ல் 4 செ.மீ. மணிக்கட்டைப் பிடிக்க இந்த ரிப்தான் ஆதாரம், நீளத்தைக் குறைக்காதீர்கள். 4 மி.மீ.இல் 5 செ.மீ. வெறும் நிட். பிறகு 4 நிட், இரண்டைச் சேர்த்து, 20. ஒரு வெறும் சுற்று. 3 நிட், இரண்டைச் சேர்த்து, 16. அடுத்து எல்லாமே இரண்டிரண்டாகச் சேர்த்து, 8. தொப்பியைப் போலவே முடியுங்கள்.

உள்ளே தொங்கும் நூல்முனை ஒன்றுகூட இருக்கக்கூடாது. குழந்தையின் விரலில் ஒற்றை நூல் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்றுபோகும், அதற்குச் சொல்லவும் தெரியாது. முனைகளை மூன்று திசையில் ஓட்டி மறைத்துவிட்டு, உள்ளே உங்கள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். ரிப்பன் வேண்டாம், இரண்டு கையுறைகளையும் இணைக்கும் கயிறும் வேண்டாம். தொப்பி வெளியே போகும்போது போடுவதற்கு, வீட்டுக்குள் தூங்கும்போது கழற்றிவிட வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கூடவே வைத்தேன்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துப் பின்னிய ஒருவர், தொப்பி பொம்மைக்குத்தான் ஆகும்போல் சுருங்கிவிட்டது என்று எழுதியிருந்தார். விசாரித்தால் சூப்பர்வாஷ் அல்லாத நூல், அதைச் சுயசேவை டோபியில் (சலவைக் கடை) போர்வையோடு போட்டுச் சூட்டில் உலர்த்தியும் எடுத்திருக்கிறார். நூல்தாளைப் படியுங்கள். எந்த நூலானாலும் கையால் அலசுங்கள்.

இன்னொருவருக்கு மேஜிக் லூப்பில் இரண்டு பக்கமும் ஏணி மாதிரி இடைவெளி விழுகிறதாம். ஒவ்வொரு பாதியிலும் இரண்டாவது கண்ணியைப் பின்னியதும் நூலை ஒரு இழு இழுத்துவிட்டுப் போங்கள். முதல் கண்ணியை இழுத்துப் பயனில்லை.

மிச்ச நூலை எப்படி வைப்பது என்றும் கேட்டார்கள். பூச்சி அரிக்காமலிருக்கக் காற்றுப் புகாத பையில் போட்டு, ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்துவிட்டுப் பிறகு அலமாரிக்கு மாற்றுகிறேன். ஐஸ்கிரீம் தேடிய வீட்டுக்காரர் நூலைப் பார்த்து முறைத்தார்.

அந்த மிச்சத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. நேற்று மெல்போர்னிலிருந்து படம் வந்தது. தொப்பி புருவத்துக்கு மேல் சரியாக நிற்கிறது, நீலக்குளம் இடது காதில். வலது கையில் கையுறை இருக்கிறது, இடது கையில் இல்லை. டிராமில் விழுந்துவிட்டதாம். 24 கண்ணி ஏற்றிவிட்டேன், ரிப் பாதி ஆகியிருக்கிறது.