முதல் முறை கச்சேரிக்குப் போகிறீர்களா? தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போகாதீர்கள்

மார்கழியில் சென்னையில் ஒரு கச்சேரியாவது கேட்டுவிட வேண்டும் என்று நினைத்து, ராகம் ஒன்றும் தெரியாதே என்று தயங்கி வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். ராகம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. போனை அணைத்துவிட்டு இரண்டு, இரண்டரை மணி நேரம் ஓரிடத்தில் உட்கார முடிந்தால் போதும்.

எடுத்தவுடன் மியூசிக் அகாடமி மாலைக் கச்சேரி டிக்கெட்டுக்கு அலைய வேண்டாம். பல சபாக்களில் மதியக் கச்சேரிகள் இலவசம், பாடுவதும் பெரும்பாலும் இளம் கலைஞர்கள். கூட்டம் குறைவு என்பதால் நல்ல இடமாகப் பார்த்து உட்காரலாம். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே மட்டும் வேண்டாம், சில சபாக்களில் காது அடைத்துப் போகும்! அப்புறம், ஒரே நாளில் மூன்று சபாவுக்கு ஓடுவதைவிட, ஒரே கச்சேரியைத் தம்பூராவுக்குச் சுருதி சேர்ப்பதிலிருந்து கடைசியில் பாடும் மங்களம் வரை முழுசாகக் கேளுங்கள்.

பெரும்பாலும் முதலில் ஒரு வர்ணம், பிறகு சில கீர்த்தனைகள். அந்தக் காலப் பெரிய பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக்கொடுத்த வரிசைதான் இன்றைக்கும் ஏறக்குறைய நடக்கிறது. கல்யாணியோ தோடியோ பைரவியோ, ஒரு ராகத்தை ஆலாபனையாக நிதானமாக விரித்துப் பாடி, வயலினும் தன் பங்குக்கு அதையே விரித்தால், மெயின், அதாவது கச்சேரியின் முக்கியமான பாட்டு, வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பாடகர் அந்த நொடியில் கற்பனை செய்து பாடுவதை வயலின்காரர் நிழல் மாதிரி தொட்டுக்கொண்டே வருவார். அடுத்து என்ன வரும் என்று அவருக்கும் தெரியாது என்பதை நினைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள், ரெக்கார்டிங்கில் இந்தப் பதற்றம் பாதிதான் கிடைக்கும்.

பெரும்பாலும் மெயினின் கடைசியில்தான் தனி ஆவர்த்தனம், அதாவது பாட்டை நிறுத்திவிட்டுத் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி. மிருதங்கம் ஆரம்பித்ததும் பாதிப் பேர் கேன்டீனுக்குக் கிளம்புவார்கள். நீங்கள் போகாதீர்கள். ஆதி தாளமாக இருந்தால் தொடையில் ஒரு தட்டு, சுண்டுவிரலில் தொடங்கி மூன்று விரல் எண்ணுங்கள், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு, மொத்தம் 8 எண்ணிக்கை. தப்பிவிட்டால் மேடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் பாடகரின் கையைப் பார்த்துத் திரும்பப் பிடித்துக்கொள்ளலாம். கடமோ கஞ்சிராவோ இருந்தால் மிருதங்கத்தோடு மாறி மாறி வாசிப்பார்கள், குறைப்பு என்ற பகுதியில் ஒவ்வொருவர் முறையும் சின்னதாகிக்கொண்டே வந்து, கடைசியில் இருவரும் சேர்ந்து மோரா, கோர்வை என்ற முத்தாய்ப்புகளோடு முடிக்கும் இடத்தில் பாடகர் விட்ட வரியைச் சரியாக அதே இடத்தில் எடுப்பார் பாருங்கள், அதுவரை ஆலாபனையையும் ஸ்வரத்தையும் கேட்டு, தாளத்தை எண்ணி எண்ணி ஏறியதெல்லாம் அந்த ஒரு எடுப்பில் வந்து சேர்ந்து சபையே கை தட்டும், உங்கள் கையும் தானாகத் தட்டும். இடையில் எழுந்து போனவர்களுக்கு இது கிடைக்காது.

அதற்கப்புறம் வரும் துக்கடாக்கள் லேசானவை, பல நேரம் தமிழ்ப் பாட்டுகளும் கிடைக்கும். மங்களம் முடியும்வரை இருந்துவிட்டுக் கேன்டீனுக்குப் போங்கள். வரிசை நீளமாகத்தான் இருக்கும். அதனால் மாலைக் கச்சேரி என்றால் டிபனை முன்னாடியே முடித்துவிடுவது நல்லது.