ஜி.பி.எஸ் கருவி வாங்கும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

கடைக்குப் போய் "வண்டிக்கு ஜி.பி.எஸ் வேணும்" என்று கேட்டுப் பாருங்கள். பல கடைகளில் எடுத்து நீட்டுவது டிராக்கரைத்தான். வண்டி எங்கே நிற்கிறது என்று முதலாளியின் போனுக்குச் சொல்லும் சின்னப் பெட்டி அது. பஸ், டாக்ஸிகளில் ஏ.ஐ.எஸ் 140 என்ற வாகனத் தரவிதியைச் சொல்லி மாட்டுவதும் அதே வகைதான். ஓட்டுகிறவருக்கு அது வழி காட்டாது. ஆன்லைனில் தேடினாலும் இதே கூத்துதான், அதனால் 'நேவிகேஷன்' என்று சேர்த்தே கேளுங்கள்.

சரி, கையில் போன் இருக்கும்போது தனிக் கருவி எதற்கு? சென்னை–மதுரை, கோவை–பெங்களூரு என்று தார்ச்சாலையிலேயே ஓடுகிறவர்களுக்குத் தேவையே இல்லை. நெரிசல், டைவர்ஷன் எல்லாவற்றையும் போன்தான் சுடச்சுடச் சொல்லும். லடாக், ஸ்பிதி, ராஜஸ்தான் மணல் என்று கிளம்பும்போதுதான் கதை மாறுகிறது. வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் இருந்தாலும் லே நகரைத் தாண்டினால் பல இடங்களில் டவர் கிடைப்பது அதிர்ஷ்டம்.

"டவர் இல்லை, ஜி.பி.எஸ் போச்சு" என்று பலர் நினைக்கிறார்கள். ஜி.பி.எஸ்ஸுக்கும் மொபைல் டவருக்கும் அப்படி ஒரு கட்டாய உறவு கிடையாது. சுமார் 20,200 கி.மீ உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னலை வாங்கித்தான் போன் தன் இடத்தைக் கணக்குப் போடுகிறது. டவர் போனாலும் நீலப் புள்ளி சரியான இடத்தில்தான் நிற்கும், அடியில் இருக்கவேண்டிய வரைபடம்தான் வெறுமையாகக் கிடக்கும். ஓஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்தால் அந்தக் குறையும் தீர்ந்தது. ஆக, டவர் இல்லை என்பதற்காக மட்டும் தனிக் கருவி வாங்குவது வீண் செலவு.

தனிக் கருவிக்குக் காசு கொடுப்பது வெயிலுக்கும் அதிர்வுக்கும் மழைக்கும்தான். ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். நம் ஊர் மே மாதத்தில், கண்ணாடிக்குப் பின்னால் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும் போன் என்ன பாடுபடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பைக் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொன்று: சக்திவாய்ந்த பைக் எஞ்சினின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று 2021இல் அந்த நிறுவனமே எச்சரித்தது.

தண்ணீர்த் தாங்குதிறனைப் பார்க்கும்போது ஐ.பி.எக்ஸ்7 என்றால் எதற்கும் அசையாது என்று நம்பிவிடாதீர்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். முதல் எண் வரவேண்டிய இடம் தூசிக்கானது. அங்கே எக்ஸ் இருந்தால், தூசியைப் பற்றி எந்த உறுதியும் தரவில்லை என்று பொருள். செம்மண் தடத்திலும் மணலிலும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் ஐ.பி67 போல முதல் எண்ணும் இருப்பதைத் தேடுவது நல்லது.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது: திரை அளவையும் விலையையும் ஒப்பிட்டுவிட்டு, கருவி டிராக்கைப் பின்தொடருமா என்று கேட்காமலேயே வாங்கிவிடுவது. பயணக் குழுக்களில் வழியைச் சேமித்துப் பகிரும் ஜி.பி.எக்ஸ் கோப்பில் ரூட் இருக்கலாம், டிராக் இருக்கலாம். ரூட் என்பது சில புள்ளிகள் மட்டுமே. இடைப்பட்ட வழியைக் கருவி தன் வரைபடத்தையும் தன் செட்டிங்கையும் வைத்துத் தானே போட்டுக்கொள்ளும். டிராக் என்பது ஒருவர் உண்மையில் ஓட்டிய தடம். ஆயிரக்கணக்கான புள்ளிகள் நெருக்கமாக இருப்பதால் கருவி அதில் கை வைக்காமல் கோடாகக் காட்டும்.

இமாச்சலத்தின் ஸ்பிதியில் இருக்கும் காஸா ஊரிலிருந்து மணாலிக்குக் குன்சும் கணவாய் வழியாகப் போவதாக வைத்துக்கொள்வோம். சுமார் 200 கி.மீ. அதில் படல்–கிராம்பூ பகுதி நெடுங்காலமாகக் கல்லும் ஓடைத் தண்ணீருமாகக் கிடப்பது. கருவியில் 'மண்சாலையைத் தவிர்' என்று இருந்தால், ரூட்டாக ஏற்றிய வழியைத் தூக்கிப் போட்டுவிட்டு, கின்னௌர் பக்கமாக இரண்டு மடங்குக்கும் மேல் சுற்றச் சொல்லலாம். அதே கோப்பு நண்பரின் கருவியில் ஒழுங்காக வேலை செய்யும், அவருடைய செட்டிங் வேறு! இன்னொரு பக்கம், பனிக்காலத்தில் கணவாய் மூடியிருப்பது தெரியாமல் நேராக அங்கேயே அனுப்பவும் செய்யலாம். சாலைக்கென்றே செய்த மலிவு மாடல்கள் பலவற்றில் டிராக்கை ஏற்றவே முடியாது. காட்டுப்பாதைக்கு வாங்குகிறவர், ஒரு நீளமான டிராக்கை எடுத்துப்போய்க் கடையிலேயே ஏற்றிக் காட்டச் சொல்லலாம். டிராக் கோட்டிலிருந்து விலகினால் எச்சரிக்கிறதா, தானாக வழியை மாற்றுவதை நிறுத்தி வைக்க முடிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

வரைபடம் எவ்வளவு புதியது, யார் செய்தது என்பதும் கருவியின் தரத்தோடு சேர்ந்ததுதான். 2012 டிசம்பரில் ஆப்பிளின் வரைபடம் ஆஸ்திரேலியாவின் மில்டுரா ஊரைச் சுமார் 70 கி.மீ தள்ளி ஒரு தேசியப் பூங்காவுக்குள் காட்டியது. நம்பிப் போனவர்கள் மாட்டிக்கொள்ள, விக்டோரியா மாநிலக் காவல்துறையே எச்சரிக்கை விட்டது. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி பக்கம், பாதி அறுந்து நின்ற பாலத்திலிருந்து கார் ராம்கங்கா ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் எப்போதோ கொண்டுபோயிருந்தது. போன் வழிகாட்டியில் அது அப்டேட் ஆகவில்லை என்று சொன்னார்கள். இதனால்தான் அப்டேட் இலவசமா, எத்தனை ஆண்டுக்கு என்று கேட்காமல் பணம் கட்டக்கூடாது என்கிறேன். பொதுமக்களே சேர்ந்து உருவாக்கும் இலவச ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை ஏற்ற முடியும் என்றால் இன்னும் நல்லது. மலைத்தடங்கள் பல அதில்தான் கிடைக்கும்.

ஊர்ப்பெயர் இல்லாத இடங்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்துத் தேட வேண்டியிருக்கும். 13 டிகிரி 30 நிமிடம் என்பதை 13.30 என்று தட்டினால் போச்சு. சரியான எண் 13.5. அந்த ஒரு புள்ளியில் 22 கி.மீ வடக்கு தெற்காக நகர்ந்துவிடுவீர்கள். கருவியில் தசம டிகிரி, டிகிரி–நிமிடம், டிகிரி–நிமிடம்–விநாடி என்று மூன்று விதமாகவும் எண்ணைக் கொடுக்க முடிகிறதா என்று மெனுவில் பாருங்கள்.

காரில் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதோடு தீப்பெட்டி அளவில், வயர் நீண்ட கறுப்பு ஆன்டெனா ஒன்று வரும். அவசரத்தில் மாட்டுகிற ஆள் அதை டாஷ்போர்டுக்கு உள்ளே, இரும்புச் சட்டத்துக்கு அடியில் செருகிவிட்டுப் போவார். அப்புறம் வண்டி பக்கத்து வயலில் ஓடுவதாகத் திரை காட்டும். ஆன்டெனா வானத்தைப் பார்க்கவேண்டும், முன்கண்ணாடிக்குக் கீழே டாஷ்போர்டின் மேற்புறத்தில் ஒட்டச் சொல்லுங்கள். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி என்றால், ஆன்டெனாவை வெளியே வைக்க வேண்டியிருக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து வாங்கி வரச் சொல்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. அமெரிக்காவில் விற்பதில் வட அமெரிக்க வரைபடம்தான் இருக்கும், இந்தியாவுக்குத் தனியாகத் தேட வேண்டும். அடுத்தது சட்டச் சிக்கல். கார்மின் மொன்டானா 700 வெறும் நேவிகேஷன் கருவி. மொன்டானா 700ஐ (700i) என்பதில் பின்னால் ஒட்டியிருக்கும் அந்த 'ஐ', இன்ரீச் என்ற செயற்கைக்கோள் செய்தி வசதி. இரிடியம் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் இப்படிப்பட்ட கருவியைத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே பிடித்து வழக்குப் போட்டிருக்கிறார்கள். வாங்கி வருகிற உறவினரிடம் பெட்டியின் மேல் இருக்கும் மாடல் பெயரைக் கடைசி எழுத்துவரை படம் பிடித்து அனுப்பச் சொல்லிவிட்டு, அப்புறம் பணம் கட்டச் சொல்லுங்கள்.