பறவைப் படப் போட்டிக்கு அனுப்பும் முன்

கிருஷ்ணகிரியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். முகூர்த்தம் இல்லாத நாளில் கேமராவோடு ஏரிக்கரைதான். அதனால் வன உயிர் அமைப்பு உள்ளூர்ப் போட்டி அறிவித்தால் போதும், "அண்ணா, எதை அனுப்பலாம்?" என்று பையன்கள் கடைக்கு வந்துவிடுவார்கள்.

எல்லோருக்கும் மேலகிரி மலையின் மஞ்சள் தொண்டைச் சின்னான் மேல்தான் கண். அரிய பறவைதான், மறுக்கவில்லை. ஆனால் பாறைச் சரிவுப் புதருக்குள் ஒளிந்து திரியும் அதைப் புள்ளி மாதிரி எடுத்து அனுப்புவதைவிட, கே.ஆர்.பி. என்கிற கிருஷ்ணகிரி அணையில் கருப்பு வெள்ளை மீன்கொத்தியை உருப்படியாக எடுங்கள்.

அது தண்ணீருக்கு மேல் அந்தரத்திலேயே நின்று சிறகடிக்கும். உடம்பு அசையாது, அலகு நேரே கீழ்நோக்கி இருக்கும். அப்புறம் கல் விழுந்த மாதிரி தலைகுப்புறப் பாயும். பாய்வதைத் துரத்தாதீர்கள், நிற்கும்போதே அழுத்துங்கள். ஷட்டர் வேகம் 1/2000 நொடியைவிட மெதுவாகப் போக வேண்டாம். பறவை நகர நகர ஃபோகஸும் கூடவே போகும் தொடர் ஃபோகஸ், ஒரே அழுத்தலில் படபடவென்று பல படம் எடுக்கும் பர்ஸ்ட், இரண்டும் போட்டு வையுங்கள். பின்னால் தண்ணீர் கருப்பாகத் தெரிந்தால் வெள்ளை வயிறு வெளுத்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்ச அளவை, அரை ஸ்டாப், முக்கால் ஸ்டாப் (வெளிச்சத்தின் அளவுப் படி) குறைத்துப் பாருங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் கானல் அலையில் எந்த லென்ஸும் கூர்மை தராது.

கரையோரம் மேயும் உள்ளான், தாழைக்கோழி என்றால் தரையோடு படுத்து எடுங்கள். பேண்ட் சேறாகும், ஆகட்டும். கண் மட்டத்தில் எடுத்த படத்துக்குத் தனி உயிர் உண்டு. பறவையின் கண்ணில் ஃபோகஸ் இல்லையா, அந்தப் படத்தை யோசிக்காமல் தள்ளுங்கள்.

கூட்டுப் பக்கம் போகவே வேண்டாம். மறைக்கும் கிளையை ஒடித்தால் காக்கைக்கு வழி காட்டினோம் என்று அர்த்தம். குஞ்சு வெயிலில் வாடும், தாய் கூட்டையே விட்டுவிடலாம். பல போட்டிகளில் கூடு, குஞ்சு படங்களை ஏற்பதே இல்லை. செல்போனில் குரல் போட்டு வரவழைப்பதும் அதே கணக்குதான். சரணாலயத்துக்குள் என்றால் வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள்.

எடிட்டிங்கில் நிறத்தை ஏற்றாதீர்கள். மணப்பெண்ணுக்குப் போடும் பாலிஷ் பறவைக்கு வேண்டாம்; இறகின் வரி அழிந்தால் நடுவர் உடனே பிடித்துவிடுவார். கேமரா பதிந்த, எடிட் செய்யாத மூலக் கோப்பான ரா ஃபைலை அழிக்காமல் வையுங்கள், இறுதிச் சுற்றில் கேட்பார்கள்.

பறவையின் பெயர், இடம், தேதி மூன்றையும் சரியாக எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிப்போகும். டாக்குமெண்டாகவோ மெயிலிலோ அனுப்புங்கள்.